தாழம்பழத்தின் முதல் கூடை

அருகே வாருங்கள். இன்னும் கொஞ்சம். பாயின் இந்த ஓரம் காலியாகத்தான் கிடக்கிறது. காற்று கடலிலிருந்து வீசுகிறது, தள்ளி உட்கார்ந்தால் என் குரலில் பாதியை அது கொண்டுபோய்விடும். போன வாரம் லாஜுவோனை வலியோடு படுக்கையில் விட்டுவிட்டு நான் எழுந்து போனதற்கு எத்தனை பேர் என்னைத் திட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அவனைச் சிரிக்க வைக்காமல் இந்தப் பாயைச் சுருட்ட மாட்டேன். கதையைக் கேளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஈரப்பலாக்காய் பறிக்க மரத்தில் ஏறிய லாஜுவோன், கிளை முறிந்து விழுந்தான். நகரத்து ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டு போட்டுக் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள். வந்ததிலிருந்து படுக்கைதான். வெள்ளைச் சோறு, டப்பா இறைச்சி, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, திரும்பவும் வெள்ளைச் சோறு. கால் தேறிக்கொண்டு வந்தது. வயிறு கட்டிக்கொண்டு, கொல்லைக்குப் போவதே நின்றுபோனது.

முற்றத்தில் தாழை பழுத்துத் தொங்கியது. அதைத்தான் அவன் தொட மாட்டேன் என்றான்.

ஏனென்றால் அந்தக் குடும்ப நிலத்துக்குத் தலைவி அவனுடைய அக்கா லிமேரி. புதுத் தாழம்பழத்தின் முதல் கூடை அவளுக்குப் போக வேண்டும். அவள் முதல் சுளையைக் கடித்த பிறகுதான் அந்த நிலத்தில் இருக்கிற மற்றவர்கள் கடிக்கலாம். போன வருஷம் அந்தக் கூடை வழியில் அவர்களுடைய தங்கை ரோசினாவின் வீட்டில் இறங்கிவிட்டது. இறங்கியது மட்டுமா, அவளுடைய பிள்ளைகள் ஒரு பழத்தைப் பிரித்தும்விட்டார்கள். லிமேரி அந்தக் கூடையைத் தொடவே இல்லை. அப்படியே திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை.

இப்போது அந்த நாளின் காலைக்கு வாருங்கள்.

ஊர் மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கிற ஜெட்டோ வந்து, லாஜுவோனின் வயிற்றை அங்கும் இங்கும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வலிக்குதா மாமா?"

"உன் கை ஜில்லுன்னு இருக்கு. அதுதான் வலிக்குது."

"வாந்தி வருதா?"

"இல்ல."

"காத்துப் பிரியுதா?"

லாஜுவோன் கூரையைப் பார்த்தான். பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ராத்திரி மனுஷி தூங்கணுமா வேண்டாமா?" அது அவன் மனைவி ஹெர்ட்டினா. வேறு தீவிலிருந்து வாழ வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம், யார் பசித்திருந்தாலும் எட்டிவிடும்.

"அப்ப அடைப்பு இல்ல. அது நல்லது," என்றான் ஜெட்டோ. "ஆனா இதுக்கு மேல நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியாது மாமா. இன்னிக்கு விமானம் வருது. இப்ப வடக்குத் தீவுக்குப் போயிட்டு, பொழுது சாயறப்ப இந்த வழியாத் திரும்பும். அதுக்குள்ள வயிறு எறங்கலன்னா உங்களை ஏத்தி நகரத்துக்கு அனுப்பிடுவேன்."

லாஜுவோன் பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எங்க தாய்மாமனையும் இப்படித்தான் வயிறுன்னு ஏத்தினாங்க. பெட்டியில திரும்பி வந்தாரு."

"அவருக்கு வேற வியாதி."

"பெட்டி ஒண்ணுதானே."

ஜெட்டோ பெருமூச்சு விட்டு ஹெர்ட்டினாவின் பக்கம் திரும்பினான். "அத்தை, மருந்தகத்துச் சுவத்துல ஒரு படம் ஒட்டியிருக்கே, பாத்திருக்கீங்களா? நார் நெறைய இருக்கிற பழங்கள்னு."

"பாத்தேன். செவப்பா, ரோமம் மொளைச்ச மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அது என்ன பழம்?"

"சத்தியமா எனக்குத் தெரியாது. படம் நகரத்துலேர்ந்து வந்தது. நமக்கு அது எதுக்கு? உங்க முற்றத்துல தொங்குது பாருங்க. அதுல இருக்கிற நாரை வச்சுப் படகையே கட்டி இழுக்கலாம். அதோட பப்பாளி, கூடவே நெறையத் தண்ணி. தண்ணி முக்கியம். நார் மட்டும் உள்ள போனா அதுவும் போய் உக்காந்துக்கும்."

மூவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். தாழம்பழங்கள் குழந்தைத் தலை அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் கனிந்து தொங்கின. கீழே உதிர்ந்த சுளைகளை எலி கடித்துப் போட்டிருந்தது. எலிக்கு அக்கா தம்பி வழக்கு ஏது?

"அக்கா தொடாததை நான் தொட மாட்டேன்," என்றான் லாஜுவோன்.

"அப்ப அவங்களுக்குக் கூடை அனுப்புங்க."

"எதுக்கு? மறுபடியும் என் கூடை என் வாசல்லயே வந்து உக்கார்றதுக்கா?"

ஜெட்டோ பையை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது ஹெர்ட்டினாவைப் பார்த்து, பொழுது சாயும் திசையைக் கையால் காட்டிவிட்டுப் போனான்.

ஹெர்ட்டினா சும்மா இருக்கிற பெண்ணா? தாழம்பழத்தை வேகவைத்து, சாறு பிழிந்து, ரொட்டி மாவில் கலந்து சுட்டாள். மேலே சர்க்கரையைத் தூவி, முகத்தில் ஒன்றுமே தெரியாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

லாஜுவோன் வாயைத் திறந்தான். மூக்கு விரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"என்ன இது?"

"ரொட்டி."

"ரொட்டிக்கு எப்பலேர்ந்து இந்த வாசனை?"

"பக்கத்து வீட்டு அடுப்புலேர்ந்து வருது."

"காத்து கடல்லேர்ந்து வீசுது ஹெர்ட்டினா. அங்க யாரு அடுப்பு வச்சிருக்கா, மீனா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

போன வருஷம் கூடையைச் சுமந்து போனவள் அவள்தான். நல்ல வெயில். ரோசினா வீட்டு நிழலில் ஒரு நிமிஷம் இறக்கினாள். "அண்ணி, இளநீர் குடிங்க" என்று ரோசினா கூப்பிட்டாள், பிள்ளைகள் கூடையைச் சுற்றி வந்தார்கள். அவள் பிறந்த தீவில் வழியில் கேட்கிற பிள்ளைக்கு ஒரு பழம் கொடுக்காமல் கூடையைத் தூக்கினால்தான் குற்றம். இங்கே அப்படி இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கூடை திரும்பி வந்தபோது லாஜுவோன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "என் கூடை, என் தப்பு" என்றான். ஹெர்ட்டினா தலையைக் குனிந்து வாயை மூடிக்கொண்டாள். அந்த நீள வாய் அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டது.

இப்போது அவள் கண்ணைத் துடைத்தாள். பச்சைத் தென்னங்கீற்றை இழுத்துப் போட்டு ஒரு புதுக் கூடை பின்னினாள். முற்றத்து மரத்தில் நல்ல பழங்களாகப் பார்த்து அறுத்தாள். அன்று காலையில் அவள் கதவைத் திறந்தபோது வாசலில் இலை சுற்றி வைத்திருந்த ஒரு பழமும் கிடந்தது. யார் வைத்தது என்று யோசிக்க அவளுக்கு அன்று நேரமில்லை. அதையும் கூடையில் போட்டாள். பிறகு மணல் அள்ளுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எங்க?" என்றான் லாஜுவோன்.

"விமானத் திடலுக்கு."

"பொழுது சாயத்தானே வருது?"

"உங்களைத் தள்ளிக்கிட்டுப் போய்ச் சேர எனக்குப் பொழுது சாஞ்சிடும். ஏறுங்க."

மாவுக்கட்டுக் காலுக்கு அடியில், பாயால் மூடிய ஏதோ ஒன்றை அவள் முட்டுக் கொடுத்தாள். அது என்ன என்று அவன் கேட்கவில்லை. மூக்கு எப்படிப்பட்டது என்று இப்போதுதானே பார்த்தோம். இருந்தும் கேட்கவில்லை.

காயலை ஒட்டிய பாதையில் முதலில் வருவது ரோசினாவின் வீடு.

"அண்ணி! இந்த வெயில்ல எங்க? ஒரு இளநீர் குடிச்சிட்டுப் போங்க!" ரோசினா கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள். "அண்ணா, என்ன இது, சுறாவைப் பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போற மாதிரி இருக்கு?"

"வர்றப்பக் குடிக்கிறேன்!" ஹெர்ட்டினா நிற்கவில்லை. தொண்டை காய்ந்துதான் இருந்தது. ஆனால் வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினாள். பிள்ளைகள் கூடவே ஓடினார்கள்.

"மாமா, பாய்க்கு அடியில என்ன?"

"என் கால்டா."

"காலு இனிப்பா மணக்குது மாமா!"

"ஓடுங்கடா வீட்டுக்கு!"

அடுத்த வீடு லிமேரியுடையது. பாதை நேராகத்தான் போகிறது. ஆனால் ஹெர்ட்டினா வண்டியை நேராக விடவில்லை. வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய அந்த முற்றத்துக்குள் திருப்பினாள். சக்கரம் கல்லில் புதைந்து நின்றது.

லிமேரி குனிந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு என் கல்லைக் கலைக்கிறது?"

"நாங்கதான் மதினி."

"நாங்கன்னா?"

"உங்க தம்பியும் நானும்."

"எனக்குத் தம்பி இருக்கான்னு யாரு சொன்னா?"

"அக்கா," என்றான் லாஜுவோன்.

லிமேரி ஒரு இலையைப் பொறுக்கினாள். இன்னொரு இலையைப் பொறுக்கினாள். "வண்டி பேசுது," என்றாள்.

ஹெர்ட்டினா பாயை விலக்கிக் கூடையை எடுத்தாள். எடுத்தவள் நீட்டாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "மதினி, போன வருஷம் கூடையை ரோசினா வீட்டுல எறக்கினது நான். பிள்ளைங்களுக்குப் பழத்தை எடுத்துக் கொடுத்ததும் நான். இவரு என் தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு."

"ஹெர்ட்டினா, வாயை மூடு."

"மூடித்தான் ஒரு வருஷம் ஆச்சு!"

லிமேரி நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்து இருவரையும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"மறுநாளே ரோசினா பிள்ளைங்க வந்து சொல்லிட்டாங்க. பழம் ரொம்ப இனிச்சுதுன்னு வேற சொல்லிட்டுப் போச்சுங்க."

"அப்புறம் ஏன் மதினி..."

"கூடையைத் திருப்பினது அன்னிக்குக் கோபத்துல. விஷயம் தெரிஞ்சப்புறம் நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். இவன் வருவான், 'அக்கா, அவ அறியாம செஞ்சுட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்வான், சிரிச்சுட்டு விட்டுடலாம்னு. வந்தானா? பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்காத வீரன். வீரமாவே வீட்டுல கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நீ வந்திருக்கலாமே அக்கா."

"மூத்தவ வந்து இளையவன் வாசல்ல நிக்கணுமா? நடந்து வந்திருக்க வேண்டியது நீ."

"கால் ஒடைஞ்சிருக்கு."

"இப்பத்தானே ஒடைஞ்சுது? போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு?"

லாஜுவோன் தலையைக் குனிந்துகொண்டான். லிமேரிக்கு அது போதுமாக இருந்தது. அவள் முகத்தில் ஏதோ இளகியது.

"வண்டியில ஏத்திக்கிட்டு எங்க போறீங்க? கால்ல என்ன இப்ப?" என்றாள்.

லாஜுவோன் காயலைப் பார்த்தான். ஹெர்ட்டினா வானத்தைப் பார்த்தாள். அக்கா தம்பி, அண்ணன் தங்கை சேர்ந்திருக்கிற இடத்தில் வயிற்றுக்குக் கீழே உள்ள பேச்சு ஆகாது. உங்களுக்குத் தெரிந்ததுதானே. தம்பி எழுந்து கொல்லைக்குப் போகிறான் என்பதைக்கூட அக்கா காதில் விழச் சொல்லக் கூடாது. லிமேரிக்கு இத்தனை நாளாக இது தெரியாமல் போனதும் அதனால்தான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

"மதினி, அடுப்படியில ஒரு நிமிஷம்..." என்றாள் ஹெர்ட்டினா.

பெண்ணும் பெண்ணும் தனியாகப் பேசினால் தடையில்லை. இருவரும் உள்ளே போனார்கள். குசுகுசுவென்று சத்தம். பிறகு, "ஐயோ, அதையா அடக்கி வச்சிருக்கான்?" என்று லிமேரியின் குரல் உயர்ந்து, உடனே அடங்கியது. வண்டியில் உட்கார்ந்திருந்தவன் பாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

லிமேரி வெளியே வந்தபோது அவள் முகம் சலனமில்லாமல் இருந்தது. கூடையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு பழத்தைப் பிளந்து, சுளையைத் திருகி எடுத்தாள். பச்சை நுனியைக் கையில் பிடித்து, ஆரஞ்சுப் பக்கத்தைக் கடித்து, மென்று, சாற்றை உறிஞ்சினாள். நிதானமாக. சுளை நார் நாராக விரிந்து தூரிகை போல ஆகும் வரை விடவில்லை. கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சுளையைத் திருகி நீட்டினாள்.

"சாப்பிடு. காலுக்கு நல்லது."

லாஜுவோன் வாங்கினான். கடித்தான். கண் கலங்கியது. ஒரு வருஷத்துச் சாறு அல்லவா அது.

அடுத்ததாகப் பப்பாளி வந்தது, படகு போல நீளமாக வெட்டி. "இதுவும் காலுக்கு நல்லது."

"அக்கா, போதும்..."

"என்கிட்ட அதெல்லாம் சொல்லாதே. சாப்பிடு."

பிறகு இளநீர், ஒன்றன்பின் ஒன்றாக.

"இதுவும் காலுக்குத்தானா?"

"எல்லாம் காலுக்குத்தான். பேசாம குடி."

நடுவில் ஒரு பழத்தை எடுத்துச் சுளையைத் திருகி வாயில் வைத்த லிமேரி சட்டென்று மெல்வதை நிறுத்தினாள். அந்தப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அதை மட்டும் தன் மடிக்குப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டாள்.

மதியம் போனது. நிழல் நீண்டது. ஜெட்டோ பையோடு வந்து சேர்ந்தான். லிமேரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் கேட்க வந்ததை மாற்றிக் கேட்டான்.

"மாமா... கால் எப்படி இருக்கு?"

"கால்... அப்படியேதான் இருக்கு."

"கொஞ்சம்கூட... அசையலையா?"

"அசையல."

லிமேரி மிகுந்த அக்கறையோடு தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடக்கில் இரைச்சல் கேட்டது. சின்ன விமானம் தென்னை மரங்களுக்கு மேலே சாய்ந்து வந்து திடலில் இறங்கியது. ஜெட்டோ எழுந்தான். "அத்தை, இனி நேரமில்ல. கெளம்பணும்."

ஹெர்ட்டினா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். விமானத்தில் ஒரே ஒரு இடம்தான். அவள் கூடப் போக முடியாது. சக்கரத்தைக் கல்லிலிருந்து கிளப்ப ஒரு தள்ளு தள்ளினாள், வண்டி குலுங்கியது. இன்னொரு தள்ளு, இன்னும் குலுங்கியது.

லாஜுவோனின் முகம் மாறியது.

"ஹெர்ட்டினா. நில்லு."

"என்னங்க? வலிக்குதா?"

"எனக்கு அந்த... வீட்டுப் பின்னால இருக்கிற வாழை மரத்தைப் பாக்கணும்."

"வாழை மரமா? இப்பவா?"

"இப்பவேதான்!"

அடுத்த நொடி லிமேரி எழுந்துவிட்டாள். "எனக்குக் கடற்கரையில ஒரு வேலை இருக்கு," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, காயலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். அந்த வயதில் அவள் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஹெர்ட்டினா ஒரு கைப்பிடியையும் ஜெட்டோ மறு கைப்பிடியையும் பிடித்து ஓடினார்கள். வாழை மரத்தை ஒட்டித்தான் லிமேரியின் கழிப்பறை இருக்கிறது. தாங்கிப் பிடித்து உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நின்றார்கள்.

திடலில் விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெட்டோ அங்கே பார்த்தான், கதவைப் பார்த்தான். ஹெர்ட்டினா ஒரு வாழையிலையைக் கிழித்துக் கிழித்துக் கீழே போட்டாள். உள்ளே சத்தமில்லை. ஒரு முனகல். மறுபடியும் சத்தமில்லை.

பிறகு பாட்டு கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆண்கள் பக்கம் பாடுகிற தாழ்ந்த குரல்தான் அது. மெதுவாக ஆரம்பித்து, இரண்டாம் அடியில் உயர்ந்து, மூன்றாம் அடியில் தகரக் கூரையே அதிரும்படி ஆனது. கால் முறிந்ததிலிருந்து லாஜுவோன் பாடியதே இல்லை.

ஹெர்ட்டினா வாழை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஜெட்டோவுக்குத் தெரியவில்லை. அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விமானத்தைப் பார்த்துப் போ போ என்று வீசிக்கொண்டிருந்தான். அது ஓடி, எழும்பி, காயலுக்கு மேலே சின்னதாகிப் போனது.

கீழே தண்ணீர் ஓரத்தில் நின்ற லிமேரி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள்கள் குலுங்கின. அதை ஜெட்டோ எல்லோரிடமும் சொன்னான், அதனால்தான் எனக்கும் தெரியும்.

வண்டி முற்றத்துக்குத் திரும்பியபோது லாஜுவோனின் முகத்தில் விளக்கேற்றி வைத்தது போல இருந்தது. "ஜெட்டோ, காலு சரியாயிடுச்சுப்பா," என்றான்.

லிமேரி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். "வாழை மரம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அக்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"சரி. நாளைக்கும் வந்து பாரு."

ஹெர்ட்டினாவால் அடக்க முடியவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், எதற்கு என்று யாரும் சொல்லாமலே. மிச்சச் சுளைகளைப் பங்கு போட்டார்கள். பற்களுக்கு நடுவே நார் சிக்கி, ஆளுக்கொரு தென்னங்குச்சியை ஒடித்துக் குத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் லிமேரி தனியாக வைத்திருந்த பழத்தைக் கையில் எடுத்தாள்.

"ஹெர்ட்டினா, இது எந்த மரத்துது?"

"இன்னிக்குக் காலைல வாசல்ல கெடந்துச்சு மதினி. இலை சுத்தி வச்சிருந்தது."

"இந்தா, நீ கடிச்சுப் பாரு," என்று லிமேரி ஒரு சுளையைத் தம்பியிடம் நீட்டினாள்.

லாஜுவோன் கடித்தான். மெல்வதை நிறுத்தினான். அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மாவோட மரத்து ருசி," என்றான் மெதுவாக.

"அம்மாவோட மரம்தான். பெரிய அலை வந்தப்ப அது வேரோட சாஞ்சதை நீயும் நானும் இந்தக் கண்ணால பாத்தோம். அதுலேர்ந்து ஒரு கிளையைக்கூட எடுக்க முடியல. அப்ப இதை யாரு எங்க வளத்தது?"

பாதையின் மறுகோடியில், ரோசினா கையில் இளநீரோடு அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் லிமேரியின் கையில் இருந்ததைப் பார்த்தாள். ரகசியம் வெளிப்பட்ட பிள்ளை போல அப்படியே நின்றுவிட்டாள்.

மிச்சம் அடுத்த வாரம். பாயைச் சுருட்டுகிறேன், கண்ணுகளா. உங்கள் முற்றத்து மரம் வளையக் காய்க்கட்டும். முதல் கூடை போகவேண்டிய வீட்டுக்கு வழி தவறாமல் போய்ச் சேரட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் வண்டியில் ஏறியாவது உங்கள் வாசலுக்கு வரட்டும். உங்கள் வீட்டில் ஒருவருடைய வயிறும் காலியாகவும் கிடக்க வேண்டாம், கனத்தும் கிடக்க வேண்டாம். காலையில் உங்கள் கொல்லைப் பக்கத்திலிருந்து எப்போதும் ஒரு பாட்டுச் சத்தம் கேட்கட்டும்.